திங்கள் வில்லியனூர், செவ்வாய் பாகூர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிற பெண் போன் செய்தாள். டாக்டர் நித்யா. வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு பொங்கல்கூட ஆகவில்லை. துறையில் புதிதாக ஒரு கணினித் திட்டம் வந்திருக்கிறதாம். ஒவ்வொரு சிறப்பு மருத்துவரும் தன் வாரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்த நேரத்தில் எந்த ஊரில் இருப்பார், அந்த ஊருக்கு அவர் ஏன் தேவை என்று நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் அந்தப் பணியிடமே மறுபரிசீலனைக்குப் போய்விடுமாம்.

"மேடம், பாகூர்ல உக்காந்தா பாகூர் ஆளுங்க வரமாட்றாங்க. வில்லியனூர்ல உக்காந்தா வில்லியனூர் ஆளுங்க வரமாட்றாங்க. ஆனா ரெண்டு எடத்துலயும் கூட்டம் தள்ளுது. 'உள்ளூர்த் தேவை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல இன்னா எழுதறது?" என்றாள்.

பதில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவள் குழந்தை அழுதது. மீதியை எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன். இதுதான் அது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயர்களை மாற்றவில்லை. அவற்றை மாற்றினால் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது.

படிப்புக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தோல் மருத்துவத்தில் எங்கள் பேராசிரியர் கற்பித்தது முக்கியமாக ஒன்றுதான்: நோயாளியைத் தொடுவதற்கு முன் பார், பார்ப்பதற்கு முன் ஜன்னலைத் திற. குழல் விளக்கு வெளிச்சத்தில் தேமல் எது, அதைவிடப் பெரிய விஷயம் எது என்று தெரியாது. பட்டம் வாங்கி, வேறு சில ஊர்களில் வேலை பார்த்து, கடைசியில் ஒரு தை மாத முடிவில், கொம்யூன் என்று நாங்கள் சொல்கிற பஞ்சாயத்து வட்டாரங்களில் இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே தோல் மருத்துவராக வந்து சேர்ந்தேன். திங்களும் வியாழனும் வில்லியனூர். செவ்வாயும் வெள்ளியும் பாகூர். புதனும் சனியும் புதுச்சேரி டவுனில் பெரிய ஆஸ்பத்திரி.

முதல் மாதமே ஒன்றைக் கவனித்தேன். பாகூரில் என் அறைக்கு வந்த சீட்டுகளில் ஊர் என்ற இடத்தில் வில்லியனூர், ஒதியம்பட்டு, சுல்தான்பேட்டை என்று எழுதியிருந்தது. வில்லியனூரில் வந்த சீட்டுகளில் பாகூர், சேலியமேடு, கிருமாம்பாக்கம். இரண்டு ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் மாறி வந்துவிட்டனவோ என்று நினைத்து, என்னோடு இரண்டு ஊருக்கும் வருகிற ரோசலி சிஸ்டரைக் கேட்டேன்.

"அதெல்லாம் மாறல மேடம். காய்ச்சல்னா சொந்த ஊர்ல நிப்பாங்க. பல்வலின்னாகூட நிப்பாங்க. தோல் டாக்டர் வாசல்ல நின்னா, 'அந்த வூட்ல யாருக்கோ இன்னாவோ இருக்குது'ன்னு அன்னிக்கே ஊர் பூரா தெரிஞ்சுடும். அப்பறம் எவன் பொண்ணு கேட்டு வருவான்? அதான் பஸ் ஏறிடறாங்க."

வேர்க்குரு ஆனாலும் சேற்றுப்புண் ஆனாலும் இதே கதைதான். வில்லியனூர்க்காரர்கள் பாகூர் வந்தால், யாராவது தெரிந்தவர் கேட்டால் "ஏரி பாக்க வந்தன்" என்பார்கள். பாகூர்க்காரர்கள் வில்லியனூரில் மாட்டிக்கொண்டால் "கோயிலுக்கு வந்தன்" என்பார்கள். ஒருமுறை பாகூர் வரிசையில் ஒரே தெருக்காரர்கள் இரண்டு பேர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா மாமா, இங்க?"

"ஏரி பாக்கலாம்னு. நீ?"

"நானும் ஏரிதான் மாமா."

"தண்ணி நெறையா இருக்குது போல."

"ஆமாமா, நல்ல தண்ணி."

அது பங்குனி. ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. இருவரும் அரைமணி நேரம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கையைச் சொறியாமல் அடக்கிக்கொண்டு தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள்.

அதே பங்குனியில், ஒரு செவ்வாய்க்கிழமை பாகூருக்கு வேணி வந்தாள். வயது இருபத்து சொச்சம். வீடு வில்லியனூரில், ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு. சேதராப்பட்டில் ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிற வேலை. அவள் பிரிவுக்கு வார விடுமுறை செவ்வாய். இடது முழங்கைக்குக் கீழே ஒரு வெளிறிய திட்டு. சூடு பட்டதே தெரியாமல் அயர்ன் பாக்ஸ் ஓரம் பட்டுக் கொப்புளித்திருந்தது. அதற்கு மருந்து கேட்டுத்தான் வந்திருந்தாள்.

ஜன்னலைத் திறந்து அவளை வெளிச்சத்தில் உட்கார வைத்தேன். பஞ்சை நூல்போலத் திரித்து, முதலில் அவள் கண் திறந்திருக்கும்போதே நல்ல தோலில் தொட்டுக் காட்டினேன். பிறகு கண்ணை மூடச் சொன்னேன். தொட்ட இடத்தை வலது விரலால் காட்ட வேண்டும். தோளில் தொட்டேன், காட்டினாள். மணிக்கட்டில் தொட்டேன், காட்டினாள். வெளிறிய இடத்தின் நடுவில் தொட்டேன். விரல் அசையவில்லை. மறுபடி தொட்டேன். "ஆரம்பிங்க மேடம்" என்றாள்.

பிறகு முழங்கைக்குப் பின்னால் தடவிப் பார்த்தேன். முழங்கை எங்காவது இடித்தால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாயுமே, அந்த நரம்பு. அவளுக்கு அது தடித்துக் கயிறுபோலக் கையில் உருண்டது.

தொழுநோய் என்ற சொல்லை எப்படிச் சொல்வது என்று யாரும் கற்றுத் தருவதில்லை. நான் நேராகவே சொன்னேன். மருந்து உண்டு, இலவசம், ஒழுங்காகச் சாப்பிட்டால் முழுக்கக் குணமாகும், மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே யாருக்கும் தொற்றாது. விட்டுவிட்டால் நரம்பு போகும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கிக்கொள்ளும். துணியை நகர்த்திக் கொடுக்கிற கை அது.

அவள் அழவில்லை. "வூட்டுக்கு யாரையும் அனுப்பாதீங்க. நான் இங்கயே வரன். அம்மாகிட்ட, பாகூர் கோயில்ல செவ்வாய்க்கு செவ்வாய் வெளக்கு போடறதா வேண்டிக்கினு கீறேன்னு சொல்லிடறன்" என்றாள். சொன்னபடி வந்தாள். ரோசலி சிஸ்டர் எதிரில் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போவாள்.

சித்திரை கழிந்ததும், யார் எந்த நாளில் எந்த ஊர் என்ற பணித்திட்டத்தைத் துறை திருத்தத் தொடங்கியது.

எங்கள் துறையின் மனிதவளப் பிரிவுக்கு அப்போது துணை இயக்குநர் ஞானமூர்த்தி. அவரைப் பற்றிக் கேலியாக எழுதுவது எளிது. ஆனால் அவர் சோம்பேறி அல்ல. மற்றவர்கள் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ததை, அவர் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஸ்கூட்டரில் போய்ப் பார்த்து முடிவு செய்தார். பேச ஆரம்பிக்கும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். பச்சை மைப் பேனாவின் மூடியைத் திறந்து கடிகாரத்தின் பக்கத்தில் வைப்பார். அதன்பிறகு மூடியைப் போடும்வரை அவர் சொல்வது அலுவல். மூடியபின் சொல்வது அனுபவம். மாட்டேன் என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. "பாத்துடலாம்" என்பார். பார்த்தும்விடுவார்.

அவர் அறைச் சுவரில் புதுச்சேரி வரைபடம். மகளின் தையல் டப்பாவிலிருந்து கொண்டுவந்த கலர் குண்டூசிகளை அதில் குத்தியிருந்தார். பாகூரில் என்னிடம் வந்த ஒவ்வொரு நோயாளிக்கும், அவர் வீடு இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு ஊசி. வில்லியனூர் அம்மை போட்டதுபோல் இருந்தது. பாகூரில் ஓர் ஊசிகூட இல்லை.

"டாக்டர் மேடம், பாத்தீங்களா? பாவம், வில்லியனூர் ஜனங்க இவ்ளோ தூரம் பஸ் ஏறி பாகூர் வருது. டாக்டரை அங்கயே உட்டுட்டா வேலை முடிஞ்சுது. பாகூர் கிளினிக்க மூடிடலாம்."

"சார், அது தூரமா இருக்கறதாலதான் வர்றாங்க."

"புரியல."

ரோசலி சொன்னதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "இது டேட்டாவா, அபிப்ராயமா?"

"அபிப்ராயம்தான் சார்."

"அப்ப கீழ எழுதிக்கறன்." பச்சை மையில் எழுதினார்: 'மருத்துவரின் அபிப்பிராயம் கேட்கப்பட்டது.'

"வில்லியனூர்ல வர்றவங்க பட்டியலையும் பாத்துடுங்க சார்."

"அந்த கிளார்க்கு தேர் லீவுல போயிருக்கான். வந்ததும் பாத்துடலாம்."

வில்லியனூர்த் தேர் ஓடிய வாரத்தில் ஆணை வந்தது. பாகூரில் என் அறை பூட்டப்பட்டது. வாரத்தில் நான்கு நாளும் வில்லியனூர். பாகூர்க்காரர்கள் வழக்கம்போல் வந்தார்கள். வில்லியனூர்க்காரர்கள் ஒருவர்கூட வரவில்லை. வேணி வரவில்லை. கடைத்தெருவில் அவளைப் பார்த்த ரோசலி, கண்ணால் மட்டும் கேட்டாராம். அவள் புடவைக் கடைக்குள் நுழைந்துவிட்டாளாம். வீட்டுக்குப் போய் அழைத்து வரலாம் என்றால், தோல் டாக்டர் வாசலில் அவள் நிற்பதைவிட அவள் வாசலில் தோல் டாக்டர் நிற்பது மோசம்.

பாகூர் மருந்தாளுநர்தான் போன் செய்தார். "மேடம், உங்க ஆளுங்க செவ்வாய் ஆனா இங்க வந்துடறாங்க."

"ரூம்தான் பூட்டியிருக்கே?"

"ஏரிக்கரைல உக்காந்துட்டு சாயந்திரம் போறாங்க. வூட்ல ஏதோ ஒண்ணு சொல்லிட்டு வர்றவங்க. கிளினிக்க மூடிட்டாங்கன்னு வூட்ல எப்படி சொல்லுவாங்க? கிளினிக்குக்கு வந்ததையே சொல்லலியே."

அடுத்த செவ்வாய் தற்செயல் விடுப்பு போட்டுவிட்டு நானும் ரோசலியும் பாகூர் ஏரிக்கரைக்குப் போனோம். ரோசலி இது ஆடி என்று இன்றும் சாதிப்பார். ஆனிதான். ஆடி என்றால் காற்று எங்கள் குடையைத் தூக்கியிருக்கும். கரையின்மேல் ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரியை யாரும் பார்க்கவில்லை.

வேணி கோடியில் இருந்தாள். "அம்மா கேக்குது, எத்தினி செவ்வாய்டி உன் வேண்டுதல்னு. இன்னும் முடியலன்னு சொல்லிகினு கீறன்" என்றாள். மாத்திரை விட்டுப்போயிருந்தது. அவள் மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் ஒரு காகிதத்தை வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள், முகம் சிவக்கப் பிடித்தாள். நான் லேசாக இழுத்தேன். வெண்ணெயிலிருந்து வருவதுபோல் வந்துவிட்டது. நரம்பு போய்க்கொண்டிருந்தது. வீக்கத்தை அடக்க வேறொரு மாத்திரையும் தொடங்க வேண்டும். அதைக் கொடுத்தால் வாராவாரம் நேரில் பார்த்தே ஆகவேண்டும். பஸ் நிலையத்தில் கையில் திணிக்கிற மருந்து அல்ல அது.

மற்றவர்களையும் பார்த்தேன். ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் கரை வெளிச்சம் போல எந்த ஆஸ்பத்திரியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

செவ்வாய்தோறும் ஏரிக்கரைக்கே போய் மருந்து கொடுத்ததில் என் தற்செயல் விடுப்பு கரைந்துகொண்டே வந்தது. ஆவணி பிறந்ததும் ஞானமூர்த்தி கூப்பிட்டனுப்பினார். வில்லியனூர்ப் பட்டியல் வந்துவிட்டது. நீல ஊசி. எல்லாம் பாகூரில். அவர் வரைபடத்தின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னாங்க இது? ரெண்டு ஊரும் எடம் மாத்தி உக்காந்துகினு இருக்குது?"

"அதான் சார் அன்னிக்கு சொன்னேன்."

"பாத்துடலாம்." அடிக்கோலை எடுத்து இரண்டு ஊருக்கும் நடுவில் புள்ளி வைத்தார். "சரி, ரெண்டு பேருக்கும் பொதுவா நட்டநடுவுல ஒரு கிளினிக். இதோ." பச்சை ஊசியைக் குத்தினார்.

கிளார்க் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். "சார், அது தமிழ்நாடு."

ஊசியைக் கொஞ்சம் கிழக்கே நகர்த்தினார். "அதுவும் தமிழ்நாடு சார்." மேற்கே நகர்த்தினார். "இது நம்முது சார். ஆனா கரும்புத் தோட்டம்."

வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் புதுச்சேரி ஒரே துண்டு நிலம் அல்ல. பழைய அரசர்களும் கம்பெனிகளும் தந்ததும் பிடித்ததுமாகச் சிதறிக் கிடக்கும் துண்டுகள். நடுநடுவே தமிழ்நாடு வந்து போகும். பெட்ரோல் விலைப் பலகை மாறினால் மாநிலம் மாறிவிட்டது என்று தெரிந்துகொள்வோம். பழைய அரசிதழ்களைப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. எல்லைக்கோடு போட்டவர்கள் எதையெதையோ யோசித்திருக்கிறார்கள். சொறியை யோசித்ததாகத் தெரியவில்லை.

ஞானமூர்த்தி உட்கார்ந்து கணக்குப் போட்டார். பாகூரில் காட்டிக்கொண்ட பாகூர்வாசிகள்: இல்லை. வில்லியனூரில் காட்டிக்கொண்ட வில்லியனூர்வாசிகள்: இல்லை. நிமிர்ந்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"மேடம், ரெண்டு கொம்யூன்லயும் உள்ளூர்த் தேவையே இல்லன்னு வருது. உங்க போஸ்ட்ட டவுனுக்கு மாத்தச் சொல்லித்தான் எழுதணும்."

"அப்ப டெய்லி என் ரூம் வாசல்ல நிக்கறவங்க?"

"அவங்க வெளியூர் மேடம்."

கோப்பு அடுத்த புதன்கிழமை மேலே போகும் என்றார். பேனாவை மூடினார். மூடியபின் கை மேசைக்கு அடியில் போய் இடுப்பருகே எதையோ தேய்த்தது. அதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

அந்தப் புதனுக்கு முந்தின செவ்வாய் என் கடைசி விடுப்பு நாள். ஏரிக்கரையில் வழக்கமான முகங்கள். வரிசைக் கோடியில் புதிதாக ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம் ஸ்கூட்டரிலேயே ஹெல்மெட் போட ஆளில்லை. இவர் தரையில் உட்கார்ந்து போட்டிருந்தார். கரையில் இருந்த எல்லோரும், தங்கள் சொந்தக் கவலையை மறந்து அவரையே பார்த்தார்கள்.

வேணியின் கை கொஞ்சம் தேறியிருந்தது. காகிதம் உடனே வரவில்லை. தயங்கி வந்தது. அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து நான் டவுனில்தான் இருப்பேன், அங்கே வர வேண்டும்.

"டவுனா? பெரியாஸ்பத்திரி எதிர்லதான் எங்க சித்தி இட்லிக்கடை போட்டுகினு கீது. வரமாட்டன் மேடம்."

"கை போயிடும் வேணி."

"கை போனா என் வேலைதான் போவும். இது தெரிஞ்சா அக்காவ அவங்க மாமியார் வூட்ல அனுப்பிச்சுடுவாங்க. என்னையும் தங்கச்சியையும் யாரும் கேட்டு வரமாட்டாங்க. ஒரு கையா, மூணு பேரான்னு நீங்களே சொல்லுங்க."

அவள் எழுந்து போனாள்.

"ஹெல்மெட்காரரு வாங்க" என்றார் ரோசலி.

வந்து உட்கார்ந்தார். கண்ணாடி மூடியைத் தூக்கினார். ஞானமூர்த்தி.

கொஞ்ச நேரம் நாங்கள் இருவருமே உண்மையிலேயே ஏரியைப் பார்த்தோம். பிறகு ரோசலி குடையை விரித்துக் குறுக்கே பிடித்தார். இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை. மருந்துக்கடையில் தானே வாங்கிப் போட்ட கலப்புக் களிம்பால் வளையத்துக்குள் வளையமாக, வயிறு வரை ஏறியிருந்தது.

"இந்தக் களிம்ப இன்னிக்கே நிறுத்துங்க சார். நான் தர்ற மாத்திரைய, சரியாப்போச்சுன்னு தோணினாலும் நிறுத்தக் கூடாது. துணியெல்லாம் வெயில்ல காயட்டும். வூட்ல வேற யாருக்காவது?"

"கேக்கல மேடம். எப்பிடிக் கேக்கறது?"

"சார், உங்க வூட்லருந்து வில்லியனூர் ஆஸ்பத்திரி எவ்ளோ தூரம்?"

"எதிர் தெரு." தலையைக் குனிந்தார். ஹெல்மெட் முன்னால் சரிந்தது. "அந்த ரூம் எதிர்லதான் மேடம் என் மச்சான் டீக்கடை."

சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தவர் நின்றார். "அந்தப் பொண்ணு. முன்னால போச்சே. கை நெஜமா போயிடுமா?"

"வாரம் தப்பினா போயிடும் சார்."

"பாத்துடலாம்" என்றார். கையில் கடிகாரம் இல்லை, பேனா இல்லை. ஹெல்மெட்டோடு ஏரிக்கரையில் நடந்து போனார்.

அந்தக் கோப்பு புதன்கிழமை மேலே போகவில்லை. புரட்டாசியில் புதிய பணித்திட்டம் வந்தது. திங்கள், வியாழன் வில்லியனூர். செவ்வாய், வெள்ளி பாகூர். புறப்பட்ட இடத்துக்கே வந்திருந்தோம், ஆனால் இம்முறை ஆதாரங்களோடு. உள்ளூர்த் தேவை என்ற இடத்தில் பச்சை மையில் எழுதியிருந்தார்: 'இவ்வூர் மக்களின் தேவை அடுத்த ஊரில் உள்ளது.' நித்யா, உன் கட்டத்தில் இதையே எழுது. மேலே யாரும் இதை மறுத்ததில்லை. புரிந்ததால் அல்ல.

வேணி செவ்வாய் தவறாமல் வந்தாள். மருந்து முடிந்தது. விரல்கள் மடங்கவில்லை. சுண்டுவிரலில் மட்டும் கொஞ்சம் மரமரப்பு மிஞ்சியது. கம்பெனியில் காலரிலிருந்து பட்டன் பிரிவுக்கு மாற்றிக்கொண்டாள். மருந்து முடிந்தாலும் நரம்பைச் சில வருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வப்போது வரச் சொல்லியிருந்தேன். தை மாதத்துக்குப் பிறகு ஆள் வரவில்லை. சித்திரையும் போயிற்று. பயந்துவிட்டேன்.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை காலை, வில்லியனூரில் என் அறை வாசலில் பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தேன். வரிசையில் வேணி நிற்கிறாள். புதுத் தாலிக்கயிறு, மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. பக்கத்தில் ஒரு பையன், ஏரிக்கரை வயல்களில் டிராக்டர் ஓட்டுகிறவனாம், கையில் அவள் பை. அவளுடைய தெருக்காரர்கள் இரண்டு பேர் எதிர்ப்பக்கம் காய்ச்சல் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரோசலி அவளை ஓரமாக இழுத்தார். "இன்னாடி, இங்க வந்து நிக்கற? உங்க அம்மா வூடு ரெண்டு தெருதானேடி?"

"இருந்தா இன்னா சிஸ்டர்?"

"அவருக்கு?"

"நிச்சயத்துக்கு முன்னயே சொல்லிட்டன். அதான் கூட வந்துகீறாரு."

ரோசலி சீட்டை எடுத்து, பேனாவைத் தட்டி, "சரி, ஊரு சொல்லு" என்றார்.

காய்ச்சல் வரிசைவரை கேட்கும்படி வேணி சொன்னாள்: "பாகூர்."